ட்ரஸ்டி என்று காட்ட முழு ட்ரஸ்டையும் கொடுக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா சான் ஹோசேயில் காலமாகிவிட்டார். உயிரோடிருந்தபோதே ஒரு லிவிங் ட்ரஸ்ட், அதாவது சொத்தைப் பிறருக்காக ஒருவர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு, எழுதி வைத்திருந்தார். தனக்குப் பிறகு அத்தான், அவரால் முடியாவிட்டால் திருகோணமலையில் இருக்கும் நீங்கள் என்று அதில் ட்ரஸ்டியின், அதாவது அந்தப் பொறுப்பை ஏற்பவரின், வரிசை இருக்கிறது. அத்தான் தன்னால் முடியாது என்கிறார். கணக்கை உங்கள் பொறுப்பில் மாற்றித்தர வேண்டுமென்றால் ட்ரஸ்ட் ஆவணம் முழுவதையும் அனுப்புங்கள் என்று அங்குள்ள வங்கி கேட்கிறது. அதற்குள்ளோ மகனின் நோய், மூத்த மகளுக்கு ஏன் குறைவாக வைத்தேன் என்ற விளக்கம் எல்லாம் அக்கா மனம் விட்டு எழுதியிருக்கிறார். அதை முன்பின் தெரியாத ஒரு அலுவலரின் மேசைக்கு அனுப்ப உங்களுக்கு மனம் வரவில்லை. அனுப்பாமல் அதிகாரத்தைக் காட்ட வழி உண்டா, இங்கே உப்புவெளியில் அக்காவின் பெயரிலுள்ள காணிக்கும் அதே வழி செல்லுமா என்று கேட்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால் வங்கிக்கு முழுவதையும் கொடுக்கத் தேவையில்லை. உப்புவெளிக் காணிக்கு அந்த வழி செல்லாது. நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, அக்காவின் பிள்ளைகளிடம் எதை மறைக்கலாம் என்பது. அதையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் உங்களுக்குப் பிழையான தைரியத்தைத்தான் கொடுக்கும்.

நான் திருகோணமலையில் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் தொழில் செய்கிறேன். கனடா, லண்டன், அமெரிக்கா என்று போனவர்களின் சொத்துக் கடதாசிகள் இங்குள்ள உறவினர் வழியாக என்னிடம் வருவது வழக்கம், அங்குள்ள சட்டத்தரணிகளோடு சேர்ந்து பல காலமாக அந்த வேலை செய்கிறேன். ஆனால் கலிபோர்னியாவில் வழக்காட எனக்கு அனுமதி கிடையாது, உங்கள் ட்ரஸ்டை நான் வாசிக்கவும் இல்லை. கீழே சட்டம் என்று சொல்வதைச் சட்டமாக எடுங்கள், ஊகம் என்று சொல்வதை அங்கே ஒரு சட்டத்தரணியிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

கலிபோர்னியாவில் ட்ரஸ்ட், மரண சாசனம் போன்றவற்றுக்கான சட்டமான புரோபேட் கோட்டின் 18100.5ஆம் பிரிவு உங்கள் நிலையில் இருப்பவருக்காகவே எழுதப்பட்டது போல இருக்கும். ட்ரஸ்ட் ஆவணத்தின் பிரதிக்குப் பதிலாக 'சேர்ட்டிபிகேஷன் ஒஃப் ட்ரஸ்ட்' என்ற அத்தாட்சியை ட்ரஸ்டி யாரிடமும் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான் வரும். ட்ரஸ்ட் இருக்கிறது, இன்ன திகதியில் எழுதப்பட்டது, எழுதியவர் இன்னார், இப்போது செயற்படும் ட்ரஸ்டி இன்னார், அவருக்கு இன்னின்ன அதிகாரங்கள் உண்டு, ட்ரஸ்டை இனி ரத்துச் செய்ய முடியுமா, முடியுமென்றால் அந்த உரிமை யாரிடம், ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரஸ்டிகள் இருந்தால் எத்தனை பேர் ஒப்பமிட வேண்டும், வரி இலக்கம் என்ன, சொத்தை எந்தப் பெயரில் எழுதவேண்டும் என்பவை அதில் வரலாம். யாருக்கு எவ்வளவு போகிறது என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. இங்கே கோயில் பரிபாலன சபை வங்கிக் கணக்கில் ஒப்பமிடுபவரை மாற்றும்போது கூட்டக் குறிப்பேடு முழுவதையும் வங்கிக்குக் கொண்டுபோவதில்லையே, அந்த ஒரு தீர்மானத்தை மட்டும் பிரதி எடுத்துத் தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டுக் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்.

ஆனால் சில வாசகங்கள் கட்டாயம் இருக்கவேண்டும். இதில் சொல்லப்பட்டவை பிழையாகிவிடும் வகையில் ட்ரஸ்ட் ரத்துச் செய்யப்படவோ மாற்றப்படவோ திருத்தப்படவோ இல்லை என்ற கூற்று ஒன்று. தற்போது செயற்படும் ட்ரஸ்டிகள் எல்லாரும் ஒப்பமிடுகிறார்கள் என்ற கூற்று இன்னொன்று. அதோடு, ஒப்பம் அதிகாரமுள்ள ஒருவர் முன்னால் உறுதிப்படுத்தப்பட வேண்டும். முதலாவது கூற்றை எழுத முன் அக்கா பின்னால் ஏதாவது திருத்தம் எழுதினாரா என்று அவருடைய கடதாசிகளையும், ட்ரஸ்டை எழுதிக்கொடுத்த சட்டத்தரணியின் கோப்பையும் பாருங்கள். நீங்கள் பொறுப்பேற்றுச் சொல்லும் வாக்குமூலம் இது. இதை நம்பி நடந்த வங்கிக்கு, பிழை என்று அதற்கு உண்மையில் தெரிந்திருந்தால் ஒழிய, சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. அப்போது பிழையின் பாரம் எங்கே வந்து விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வங்கி இந்த அத்தாட்சியைப் பார்த்த பிறகும் இன்னும் வேண்டும் என்று கேட்டால், சட்டம் அவர்களுக்குக் கொடுக்கும் இடம் சின்னது. உங்களை ட்ரஸ்டியாக நியமிக்கும் பகுதி, நடக்கப்போகும் கொடுக்கல் வாங்கலுக்கான அதிகாரத்தைக் கொடுக்கும் பகுதி, இந்த இரண்டின் பிரதியையும் அவர்கள் கேட்கலாம். பங்கீட்டைச் சொல்லும் பகுதியைக் கொடுக்க வேண்டிய கடமை இதனால் வராது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே முதல் பக்கம், அடுத்த ட்ரஸ்டி யார் என்று சொல்லும் பக்கம், அதிகாரங்களைச் சொல்லும் பக்கம், அக்காவின் ஒப்பம் உள்ள கடைசிப் பக்கம் ஆகியவற்றை எடுத்து, அந்தப் பக்கங்களிலும் சம்பந்தமில்லாத பந்திகளைக் கறுப்பால் மறைத்து அனுப்பினால் போதும். மறைத்த இடம் மறைத்ததாகவே தெரியட்டும். வெட்டி ஒட்டிப் புதுப் பக்கம் போல ஆக்கினால் சந்தேகம்தான் வரும், அது நியாயமான சந்தேகமும் கூட.

கெட்ட எண்ணத்தோடு அத்தாட்சியை ஏற்க மறுத்து முழு ஆவணத்தையும் கேட்டார்கள் என்று நீதிமன்றம் கண்டால், சட்டத்தரணி கட்டணம் உட்பட நட்டஈடு கொடுக்கவேண்டி வரும். அந்த விதியும் இதே பிரிவில்தான் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவர் தன் பட்டியலில் உள்ளதைக் கேட்கிறார், அவ்வளவுதான். அவரோடு தர்க்கப்படாமல், பிரிவு இலக்கத்தைக் குறிப்பிட்டு வங்கியின் சட்டப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி மரியாதையான ஒரு கடிதம் எழுதுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான மறுப்புகள் அந்த மேசைக்குப் போனதும் தளர்ந்துவிடும். தளராவிட்டால் அங்கே நீதிமன்றம் போகலாம், ஆனால் அங்கே போனால் எதை மறைக்க முயல்கிறீர்களோ அது பொதுக் கோப்பில் ஏறும் வாய்ப்பு வந்துவிடும். அது கடைசி வழியாக இருக்கட்டும்.

சில வங்கிகள் தங்கள் சொந்தப் படிவத்தைத்தான் நிரப்பச் சொல்லும். நிரப்பலாம், பிழையில்லை. அதில் பயனாளிகளின் பெயர் கேட்கும் கட்டம் இருந்தால் எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள். 2018 மே மாதம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த, வாடிக்கையாளரின் உண்மையான உரிமையாளரைக் கண்டறியும் விதி, கம்பனி போன்ற அமைப்புகளுக்கானது. உங்கள் அக்காவுடையது போன்ற சாதாரணக் குடும்ப ட்ரஸ்ட் அதற்குள் வராது. ஆனால் ஆபத்து மதிப்பீடு என்று சொல்லி வங்கி தன் கொள்கைப்படி கூடுதலாகக் கேட்கவும் இடமிருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் ட்ரஸ்டி என்பதால் உங்களிடம் கேட்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். அப்படிக் கேட்டால் பெயர்களை மட்டும் கொடுத்து, தொகைகளையும் காரணங்களையும் விட்டுவிடுவது நடுவழி.

அடுத்தது சங்கிலி. அத்தாட்சியில் நீங்கள்தான் ட்ரஸ்டி என்று எழுதினால் மட்டும் போதாது, அக்காவிடமிருந்து உங்களிடம் அது எப்படி வந்தது என்று தெரியவேண்டும். அக்காவின் மரண அத்தாட்சிப் பத்திரம், அத்தான் பொறுப்பை ஏற்கவில்லை என்று எழுதி ஒப்பமிட்ட கடிதம், உங்கள் பெயர் உள்ள பந்தி, இந்த மூன்றும் சேர்ந்தால் சங்கிலி முழுதாகிறது. அத்தான் வாயால் சொன்னது மட்டும்தான் என்றால் உடனே எழுதி வாங்குங்கள். அவர் ஏன் ஏற்கவில்லை என்று அதில் எழுதத் தேவையில்லை, "ஏற்க மறுக்கிறேன்" என்ற அளவு போதும். அவருடைய உடல்நிலை, மனநிலை, டொக்டர் கடிதம் ஒன்றையும் வங்கிக்கு அனுப்பாதீர்கள். அதுவும் ஒருவருடைய தனிப்பட்ட விடயம்தானே.

எங்கள் ஆட்களுக்கு உண்மையில் தடங்கல் வருவது பெயரில். ட்ரஸ்டில் உங்கள் பெயரை அக்கா எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதியிருக்கலாம், அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் பின்னால் போட்டிருக்கலாம், உங்கள் பாஸ்போர்ட்டில் அதே பெயர் முன்னால் இருக்கலாம், தேசிய அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும் இருக்கலாம், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எச் கூடியோ குறைந்தோ இருக்கலாம். எங்களுக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று பார்த்ததும் விளங்கும். அமெரிக்க வங்கியில் இருப்பவருக்கு அது இரண்டு ஆட்கள். அதனால் அத்தாட்சியில் ட்ரஸ்டில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் சேர்த்து, "இன்னார் என்றும் அழைக்கப்படும் இன்னார்" என்று எழுதுவியுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசியும் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பும் துணைக்கு இருக்கட்டும். பார்க்கச் சின்ன விடயம், ஆனால் அத்தாட்சியைத் திருப்பி அனுப்ப இதைவிட வசதியான காரணம் வங்கிக்குக் கிடைக்காது.

வீடு விடயத்தில் ஒரு எச்சரிக்கை. சான் ஹோசே வீடு ட்ரஸ்டின் பெயரில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், அப்படியென்றால் சாண்டா கிளாரா கவுண்டியின் பதிவகத்தில், பழைய ட்ரஸ்டி இறந்துவிட்டார் என்ற சத்தியக் கடதாசி ஒன்று பதியப்பட வேண்டும், வழக்கமாக அப்படித்தான் செய்வார்கள். ட்ரஸ்ட் அத்தாட்சியையும் அங்கே பதியச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அங்கே பதிந்தது யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணமாகிவிடும். ஆகவே வங்கிக்கு ஒரு அத்தாட்சி, பதிவகத்துக்குத் தேவைப்பட்டால் தனியாக இன்னொன்று என்று தயாரியுங்கள். பதிவகத்துக்குப் போவதில் அந்த ஒரு வீட்டின் விவரம் மட்டும் இருக்கட்டும், மற்றச் சொத்துகளும் வரி இலக்கமும் வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காதது. அக்கா இறந்தவுடன் அந்த ட்ரஸ்ட் மாற்றமுடியாததாகிவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன், ஒருவர் தனியாக எழுதும் லிவிங் ட்ரஸ்டில் வழமை அதுதான். அப்போது புரோபேட் கோட் 16061.7இன்படி, பயனாளிகளுக்கும் சட்டப்படி வாரிசுகளுக்கும் ட்ரஸ்டி 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். ட்ரஸ்டின் விதிகளை முழுதாகப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் அந்த அறிவித்தலிலேயே சொல்லவேண்டும். குறைவாகப் பெறும் மூத்த மகளும் வாரிசுதான். ஒன்றுமே கிடைக்காதவராக இருந்தாலும் வாரிசுதான். அவர் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், வங்கிக்குக் காட்டிய அத்தாட்சியை அவர் முன்னால் நீட்ட முடியாது. அது வெளியாருக்கானது. அக்காவின் வார்த்தைகள் அவரைக் காயப்படுத்தும் என்று நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது, அதைத் தபாலில் திடீரென்று வாசிக்க விடாமல் முன்கூட்டியே போன் எடுத்துப் பேசுங்கள், மாமனோ சித்தியோ நேரில் சொல்லிக் கேட்பதற்கும் கடதாசியில் வாசிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சட்டப் பக்கமாகவும் இந்த அறிவித்தல் உங்களுக்கு நல்லதுதான். முறையாகக் கொடுத்துவிட்டால் ட்ரஸ்டை எதிர்த்து வழக்குப் போடும் காலம் பொதுவாக 120 நாளோடு முடிகிறது. கொடுக்காவிட்டால் அந்த வாசல் திறந்தே கிடக்கும், நட்டமும் உங்கள் தலையில் வரலாம்.

அப்புறம் வரி. இங்கேதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி தொடங்குகிறது. அமெரிக்க வரிச்சட்டத்தில், ட்ரஸ்டின் முக்கிய முடிவுகள் எல்லாவற்றையும் அமெரிக்க நபர்கள் கட்டுப்படுத்தாவிட்டால் அது வெளிநாட்டு ட்ரஸ்ட் ஆகிவிடும். அமெரிக்கக் குடியுரிமையோ வதிவோ இல்லாத நீங்கள் தனி ட்ரஸ்டியாக இருந்தால் அந்தச் சிக்கல் நேரே உங்கள் வாசலுக்கு வருகிறது. கூடுதல் வரிப் படிவங்கள் வரும், வீட்டை விற்கும்போது விலையில் பொதுவாக 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்துவைத்து வரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டிய நிலையும் வரலாம். ட்ரஸ்டியின் மரணம் போன்ற எதிர்பாராத காரணத்தால் இந்த மாற்றம் வந்தால் 12 மாதத்துக்குள் சரிசெய்ய விதிகள் இடம் கொடுக்கின்றன. அக்கா தானே எழுதிவைத்த வரிசைப்படி நீங்கள் வந்ததை எதிர்பாராதது என்று எடுப்பார்களா என்பது வாதத்துக்குரியது, அதை அங்குள்ள வரிச் சட்டத்தரணி ஒருவர்தான் ட்ரஸ்டை வாசித்துவிட்டுச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரை இணை ட்ரஸ்டியாக்குவது ஒரு தீர்வாக அமையலாம், ஆனால் அப்படிச் செய்தால் அத்தாட்சியில் அவரும் ஒப்பமிட வேண்டும். ஆகவே இந்தக் கேள்வியை முதலில் முடித்துவிட்டு அத்தாட்சி எழுதுவதுதான் புத்தி.

உப்புவெளிக் காணிக்கு வருவோம். ட்ரஸ்டின் சொத்துப் பட்டியலில் அக்கா அதையும் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். சொல்லக் கவலையாகத்தான் இருக்கிறது, அப்படி எழுதியதால் மட்டும் காணி ட்ரஸ்டுக்குப் போகவில்லை. இலங்கையில் காணியைக் கைமாற்ற, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய உறுதி, அதாவது காணிப் பத்திரம், வேண்டும். காணியை வைத்து ட்ரஸ்ட் உண்டாக்குவதற்கும் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசு முன் எழுதிய ஆவணமோ மரண சாசனமோ கேட்கிறது. கலிபோர்னியாவில் தயாரித்த பட்டியல் இதில் எதுவும் இல்லை. ஆகவே காணி அக்காவின் பெயரிலேயே நிற்கிறது, நீங்கள் ட்ரஸ்டியாக உறுதி முடித்துக் கொடுக்கவும் முடியாது, அந்த அமெரிக்க அத்தாட்சியைக் கொண்டுபோய் இங்கே காணிப் பதிவகத்தில் நீட்டிப் பயனும் இல்லை. அக்கா தனியாக மரண சாசனம் எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். லிவிங் ட்ரஸ்ட் எழுதும்போது மீதிச் சொத்தெல்லாம் ட்ரஸ்டுக்குப் போகட்டும் என்று ஒரு சாசனமும் சேர்த்து எழுதுவது அங்கே வழக்கம். இருந்தால் அது இங்கே செல்லுபடியாகுமா என்று பார்த்து, திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்காகப் போடலாம். இல்லாவிட்டால் பொதுச் சட்டப்படி பாதி அத்தானுக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமனாக. அக்கா குடும்பத்தின் பூர்வீகம் யாழ்ப்பாணம் என்றால் யாழ்ப்பாணத் தமிழருக்கான மரபுச் சட்டமான தேசவழமை பொருந்துமா என்ற கேள்வியும் எழும், அதற்கு உறுதிகளைப் பார்க்காமல் பதில் சொல்லமாட்டேன்.

பணத்தை இங்கே கொண்டுவந்து வைக்கும் யோசனையும் உங்களிடம் இருப்பது போலத் தெரிந்தது. ட்ரஸ்ட் பணத்தை உங்கள் சொந்தப் பெயரிலுள்ள கணக்கில் ஒரு நாளைக்குக்கூடப் போடாதீர்கள், கலப்பது ட்ரஸ்டி செய்யக்கூடாத வேலை. ட்ரஸ்டின் பெயரில் இங்கே கணக்குத் திறக்கப் போனால், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டமும் அதன் கீழ் 2016இல் வந்த விதிகளும் வேறு மாதிரி. ட்ரஸ்டை உண்டாக்கியவர், ட்ரஸ்டி, பயனாளிகள் எல்லாரையும் வங்கி அடையாளம் காணவேண்டும். எங்கள் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் கலிபோர்னியாவில் உள்ளது போன்ற அத்தாட்சிப் பிரிவும் கிடையாது. ஆகவே இங்குள்ள வங்கியிடம் பயனாளிகளின் பெயரை மறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பணம் அங்கேயே இருந்து, பிரிக்கும்போது அவரவர் கணக்குக்குப் போவதுதான் எல்லா வகையிலும் சுத்தம்.

கடைசியாக, ஒப்பமிடுவது. இங்குள்ள நொத்தாரிசு, நான் உட்பட, முத்திரை குத்தினால் மட்டும் கலிபோர்னியாவுக்குப் போதாது, அந்த நொத்தாரிசின் ஒப்பத்தை இன்னொரு அதிகாரி உறுதிப்படுத்தவேண்டும். அந்தச் சுற்றுக்குப் பதிலாகக் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேரம் எடுத்துப் போவது இலகு, ஒரு முத்திரைக்கு 50 டொலர். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள், முன்கூட்டியே ஒப்பமிட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர்கள் முன்னால்தான் போடவேண்டும். பங்குகள் வைத்திருக்கும் நிறுவனம், ஒப்பத்துக்கு உத்தரவாதம் கொடுக்கும் 'மெடாலியன்' முத்திரை கேட்டால் அது வேறு விடயம். அமெரிக்க, கனடிய நிதி நிறுவனங்களின் திட்டம் அது, தூதரக முத்திரை அதற்கு ஈடாகாது, அதற்குப் பதிலாக என்ன ஏற்பீர்கள் என்று அந்த நிறுவனத்திடமே எழுதிக் கேட்கவேண்டும். எதுவானாலும், ஒப்பமில்லாத வரைவை முதலில் வங்கியின் சட்டப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இந்த வாசகம் சரி என்று எழுத்தில் வாங்கிய பிறகு கொழும்புக்குப் போங்கள். பெயர் திருத்தம், விடுபட்ட அதிகாரம், இணை ட்ரஸ்டி என்று ஏதாவது ஒன்று பின்னால் கிளம்பினால் மறுபடியும் நேரம் எடுத்து, மறுபடியும் அந்தப் பயணம் போகவேண்டி வரும், மேலே சொன்ன 60 நாளும் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.